சிறகுள்ள குதிரையும் மேகத்தைக் கறந்த பெண்களும்



திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு ஐப்பசி மாதத்து மேகங்களின் போக்கு நன்றாகவே தெரியும். தென்கிழக்கே சிறுமலையின் மேல் அவை திரண்டு நிற்கும். மலைவாழைத் தோட்டங்கள் நனைந்து கிடப்பதாகப் பேருந்தில் இறங்கி வருவோர் சொல்வார்கள். கீழே நம் தெருக்களிலோ பெண்கள் குடங்களோடு லாரியை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். இந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவி, எங்கள் மக்தபில் ஓதுபவள், ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், சென்ற ஆண்டு ஒரு கதை எழுதினாள். சிறுமலை உச்சியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே படிக்கும் பிள்ளைகள் மேகத்தைப் பசுவைப் போலக் கறந்து, குழாய் வழியாகக் கீழே உள்ள ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். பாறைகள் அவர்களுக்கு வழி சொல்கின்றன. கதையின் தலைவி முக்காடிட்ட பதினான்கு வயதுப் பெண். தஜ்வீத் பாடத்தின்போது அந்த நோட்டு என் கண்ணில் பட்டது.

நான் அதை வாங்கிக்கொண்டேன். பொய்யை எழுதுவதற்கா அல்லாஹ் உனக்குக் கல்வியைக் கொடுத்தான் என்று கேட்டேன். லுக்மான் சூராவின் ஆறாவது வசனத்தையும் ஓதிக் காட்டினேன். அவள் எதுவும் பேசவில்லை. அதன்பின் பாடத்தைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று அவளுடைய அத்தா என்னிடம் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமை எனக்கு ஏனோ உறுத்தியது. பிறகு நடந்த தேடலின் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்த வசனம். வீணான பேச்சை விலைக்கு வாங்குவோரைப் பற்றி அது எச்சரிக்கிறது. குறைஷிகளில் நள்ர் இப்னு ஹாரிஸ் என்பவன் பாரசீக மன்னர்களின் கதைகளைக் கொண்டுவந்து, குர்ஆனைக் கேட்கக் கூடியவர்களைத் தன் பக்கம் இழுத்தான் என்று தஃப்ஸீர் நூல்கள் அதற்குப் பின்னணி கூறுகின்றன. நான் ஓதிக் காட்டியபோது இவ்வளவையும் அறிந்தே இருந்தேன். ஆனால் அல்லாஹ்வின் பாதையிலிருந்து வழிகெடுப்பதற்காக என்ற நோக்கமும் அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படித்திருந்தும் அந்தப் பிள்ளையின் முன்னால் மறந்துவிட்டேன். நள்ர் செய்தது வேறு. மழைக்கு ஏங்கி ஒரு சிறுமி கதை எழுதியது வேறு.

இரண்டாவதாக, அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பி வந்த நேரம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டு மாடத்தில் தொங்கிய திரையைக் காற்று விலக்கியது. உள்ளே பொம்மைகள். அவற்றின் நடுவில் துணித் துண்டுகளால் ஆன இரண்டு சிறகுகளோடு ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். பொம்மைகளின் சட்டத்தை விளக்குவதோடு ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொண்டேன். அந்தச் சிரிப்பைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

நம் முன்னோர்களான அறிஞர்கள் கற்பனைக் கதையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அரபிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்திலேயே விடை இருக்கிறது. நாங்கள் மாணவர்களாக இருந்து வியர்வை சிந்திப் படித்த மகாமாத், 1122இல் மறைந்த ஹரீரி (ரஹ்) அவர்களின் நூல். அபூ ஸைத் என்ற தந்திரக்காரர் ஊர் ஊராகப் போய்ச் சொல்வன்மையால் மக்களை ஏமாற்றும் கதைகள் அவை. அப்படி ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு ஹரீரி தம் முன்னுரையிலேயே பதில் எழுதிவிட்டார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகக் கதை சொன்னவர்களை எவரும் குற்றவாளிகளாக்கியதில்லை, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது அவருடைய வாதம். பஞ்சதந்திரம் பஹ்லவி மொழி வழியாக அரபிக்கு வந்து, இப்னுல் முகஃப்ஃபாவின் கையில் கலீலா வதிம்னாவாக ஆன வரலாறு அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். நம் நாட்டு நரிகள் இரண்டு பாக்தாதுக்குப் போய் அரபி பேசின என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதற்கும் மேலே சென்றவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இக்வானுஸ் ஸஃபா என்ற குழுவினர் எழுதிய நிருபங்களில் ஒரு நீண்ட கதை உண்டு. ஒரு தீவில் ஜின்களின் அரசர் நீதிபதியாக அமர்ந்திருக்க, மனிதன் தங்களை அடிமைப்படுத்திவிட்டான் என்று விலங்குகள் அவர் முன் வழக்குத் தொடுக்கின்றன. அந்தலூஸைச் சேர்ந்த மருத்துவரும் தத்துவஞானியுமான இப்னு துஃபைல் (இறப்பு 1185) எழுதியது ஹய் இப்னு யக்ளான். மனித வாடையே இல்லாத தீவில் ஒரு மானிடம் பால் குடித்து வளரும் குழந்தை, தாய்மான் இறந்ததும் அதன் உடலைத் திறந்து உயிர் எங்கே போனது என்று தேடுகிறது. அங்கே தொடங்கும் தேடல் படைத்தவனிடம் போய் நிற்கிறது. இந்நூல் 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனிலும் 1708இல் ஆங்கிலத்திலும் வந்தது. தனித் தீவில் வாழ்ந்த ராபின்சன் குரூசோவின் கதை வெளியானது 1719இல்தான். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடையிலான இரத்த ஓட்டத்தை விவரித்த இப்னு நஃபீஸும் (இறப்பு 1288) தீவில் தனியே தோன்றும் காமில் என்பவனின் கதையை எழுதி, உலகத்தின் இறுதிக் காலம் வரை அதைக் கொண்டு போனார். ஃபிக்ஹும் ஹதீஸும் கற்றவர் அவர். கற்பனை செய்வது ஈமானைக் குறைக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஓர் எல்லை உண்டு. நம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் கிஸ்ஸா என்றொரு வகை இருக்கிறது. சைத்தூன் கிஸ்ஸாவில் வாளேந்திப் போர்க்களத்துக்கு வரும் இளவரசியைப் பற்றி என் நன்னி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதை எனக்கு இன்றும் பிடிக்கும். எனினும் ஸஹாபாக்களும் அவர்களின் பிள்ளைகளும் செய்யாத செயல்களை அவர்கள் பெயரிலேயே சொல்வதை உலமாக்கள் கண்டித்தது சரியே. நபியவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்போருக்கான எச்சரிக்கையை அறிந்தவர் எவரும் இதில் மெத்தனமாக இருக்க முடியாது. கேட்பவர் உண்மையென்று நம்பும்படி சொல்லப்படும் பொய் வேறு, கதையென்று இருவரும் அறிந்தே சொல்லவும் கேட்கவும் படுவது வேறு. இந்த வேறுபாட்டை நான் கிதாபுகளில் படித்திருந்தேன். ஒரு நோட்டைக் கையில் வாங்கிய நேரத்தில் அது எனக்கு உதவவில்லை.

இனி, என்னை மிகவும் வியக்க வைத்த வரலாற்றுக்கு வருகிறேன். அது நடந்தது நம் சென்னையில்.

1901இல் கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் சென்னையிலிருந்து பெண்களுக்கென ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். இந்தியன் லேடீஸ் மேகஸின் என்பது அதன் பெயர். அதில் 1905ஆம் ஆண்டு சுல்தானாவின் கனவு என்ற சிறுகதை வெளியானது. எழுதியவர் ருகையா சகாவத் ஹுசைன். வங்காளத்தில் ரங்பூர்ப் பகுதியின் பைராபந்த் கிராமத்தில் 1880இல் பிறந்தவர். அவருடைய தந்தை பெண் பிள்ளைகள் குர்ஆனோடும் அரபி, உருதுவோடும் நின்றுவிட வேண்டும் என்று கருதியவர். வீட்டார் உறங்கிய பிறகு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராஹீம் தங்கைக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். வங்காள மொழியைக் கற்க உதவியவர் அக்கா கரீமுன்னிசா. பீகாரின் பாகல்பூரில் அதிகாரியாக இருந்த சகாவத் ஹுசைனுக்கு அவரை மணமுடித்து வைத்தார்கள். கணவர் அலுவல் சுற்றுப்பயணம் போயிருந்த ஓரிரு நாள்களில், பொழுது போகாமல் எழுதியதுதான் இக்கதை. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். பிறகு அதை அச்சுக்கு அனுப்பச் சொன்னவரும் அவர்தான்.

அக்கதையை ஆங்கிலத்தில் படிக்க எனக்கு என் தங்கை மகளின் துணை தேவைப்பட்டது. அவள் கல்லூரி மாணவி. சிறிய கதைதான், ஒரே மாலையில் முடித்துவிட்டோம். சாய்வு நாற்காலியில் கண்ணயரும் சுல்தானா, சாரா சகோதரி என்ற தோழியோடு ஒரு விந்தை நாட்டின் வீதியில் நடக்கிறாள். பகல் வெளிச்சத்தில் முகம் மறைக்காமல் நடப்பதால் கூச்சம். வழியில் செல்லும் பெண்கள் அவளைப் பார்த்து, ஆண்பிள்ளையைப் போல வெட்கப்படுகிறாளே என்று சிரிக்கிறார்கள். அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருப்பவர்கள். சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. சூரிய வெப்பத்தில் சோறு வேகிறது. வானூர்தியில் பயணம். ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எல்லாம் எப்படித் தொடங்கியது? அந்நாட்டின் ராணி பெண்களுக்குப் பள்ளிகள் திறக்க ஆணையிட்டார். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் இல்லை என்றார். பெண்களின் பல்கலைக்கழகங்கள் இரண்டு எழுந்தன. ஒன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டுபிடித்தது. மற்றொன்று, ஒரு பலூனை மேகங்களுக்கு மேலே மிதக்கவிட்டு, அதில் பொருத்திய குழாய்கள் வழியாக வானத்து நீரைக் கீழே இறக்கியது.

இந்த இடத்தில் தங்கை மகளை நிறுத்தச் சொன்னேன். மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னேன். என் மேசை இழுப்பறைக்குள் அந்த நோட்டு அப்போதும் கிடந்தது.

கதையின் மற்றப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன் நாட்டில் அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்க ராணி மறுத்ததால் அண்டை நாட்டு மன்னன் படையெடுத்து வருகிறான். போருக்குப் போன ஆண்கள் தோற்றுத் திரும்புகிறார்கள். பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியரோடு போர்க்களம் சென்று, சேமித்த சூரிய ஒளியை எதிரியின் மேல் திருப்புகிறார். வாளெடுக்காமலே போர் முடிகிறது. மாணவியர் வெளியே வருவதற்கு முன் வீட்டுக்குள் போன ஆண்கள் அதன்பின் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

ஒரு மதரஸா ஆசிரியனுக்கு இக்கதை முழுவதும் இனித்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆண்களை அடைத்து வைப்பது எப்படி நீதியாகும் என்று வாய்விட்டே கேட்டேன். பெண்களை அடைத்து வைத்தபோது இந்தக் கேள்வி வந்ததா மாமா என்றாள் தங்கை மகள். எழுதியவர் விரும்பியதும் அதுதான் என்று சற்று நேரம் கழித்துப் புரிந்தது. தலைகீழாகக் காட்டினால்தான் நமக்குச் சில விஷயங்கள் நேராகத் தெரிகின்றன. மார்க்கம் விதித்த பர்தா எது, ஊர் வழக்கம் அதன் மேல் ஏற்றி வைத்த சுமை எது என்ற கேள்வியை ருகையா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். 1931இல் வந்த அவரோதவாசினி என்ற நூலில் அப்படிப்பட்ட 47 நிகழ்வுகளைத் தொகுத்திருக்கிறார்.

அவர் கனவோடு நின்றவரும் அல்லர். கணவர் 1909இல் மறைந்தார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கிவிட்டுப் போன பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு பாகல்பூரில் பள்ளியைத் தொடங்கினார். அங்கே நிலைக்க முடியாமல் கல்கத்தாவுக்குப் பெயர்ந்து, 1911 மார்ச்சில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். பிள்ளைகளை அழைத்து வர, வெளிக்காற்றே நுழையாதபடி அடைத்த வண்டி ஏற்பாடானது. உள்ளே பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்புகளை எடுத்துவிட்டுத் திரை போட்டபோது, காற்றில் திரை பறக்கிறது, பர்தா கெடுகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1905இல் வானூர்தியில் பெண்களைப் பறக்கவிட்டவர், பிறகு ஒரு வண்டியின் திரைக்காக எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது! 1932 டிசம்பர் 9ஆம் நாள் அவர் மறையும்போதும் பள்ளி நடந்துகொண்டிருந்தது. சகாவத் நினைவுப் பள்ளி கல்கத்தாவில் இன்றும் இருக்கிறது.

உலக அறிவியல் புனைகதையின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் பெயர் சொல்லும் கதை அது. முதன்முதலில் அச்சேறிய ஊர் சென்னை. நூறாண்டு கழித்து, கோண்டு ஓவியர் துர்காபாயின் சித்திரங்களோடு அழகிய நூலாக அதை வெளியிட்டதும் சென்னையின் தாரா பதிப்பகமே. இருந்தும் நம் வீடுகளில் அதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? நானே நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அறிந்தேன்.

தமிழிலேயே எழுதியவர்களும் நமக்கு இருந்தார்கள். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெவ்வை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் அசன்பே சரித்திரம் எழுதினார். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு அடுத்தபடியாக, தமிழின் தொடக்க கால நாவல்களில் வைத்து எண்ணப்படுவது. குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட எகிப்தியச் சிறுவன் ஒருவன் இந்தியாவில் வளர்ந்து, தன் அறிவாலும் துணிவாலும் முன்னேறித் தன் குலத்தைக் கண்டடையும் கதை. இன்று இளையோர் நாவல் என்று எதைச் சொல்கிறோமோ, ஏறத்தாழ அதுவே. ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தின் உராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்திருந்த காலம் அது. அந்தப் பரபரப்பில் ஒரு தமிழ் முஸ்லிம் சிறுவனுக்குக் கெய்ரோ எவ்வளவு பக்கத்தில் தெரிந்திருக்கும்! நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட சித்தி ஜுனைதா பேகம் 1938இல் காதலா கடமையா என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். இவ்விருவரைப் பற்றியும் தனியே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

திரைப்படங்களைப் பற்றி நான் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம் பிள்ளைகள் கதைகளைப் பெறும் பெரிய வாசல் அதுதான். 1955இல் குலேபகாவலி, 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும், 1957இல் அலாவுதீனும் அற்புத விளக்கும், 1960இல் பாக்தாத் திருடன் என்று தமிழ்த் திரை ஒரு காலத்தில் பாக்தாதிலேயே குடியிருந்தது. அலிபாபாவும் அலாவுதீனும் ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபிச் சுவடிகளில் இல்லை என்பதும், 1709இல் பாரிஸ் நகரில் ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர் ஒரு பிரெஞ்சுக்காரருக்கு வாய்மொழியாகச் சொன்னவை என்பதும் பலர் அறியாதது. எங்கள் தெருப் பெரியவர்கள் அப்படங்களின் வசனங்களை இன்றும் ஒப்பிப்பார்கள். தலைப்பாகையும் ஜரிகை உடையும் நம்முடையவை போலத் தோன்றினாலும், பேகம்பூர்ச் சந்தில் பூட்டுப்பட்டறையில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை அந்தப் பாக்தாதில் எங்கும் இல்லை. பின்னாளைய படங்கள் பலவற்றில் அவன் வந்தான், கையில் துப்பாக்கியோடு.

2014இல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் கமாலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமியைத் தனிச் சித்திரக்கதை வரிசையின் தலைவியாக்கியது. எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய ஜி. வில்லோ வில்சன். அதன் முதல் தொகுப்புக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது. 2022இல் தொடராகவும் வந்தது. பள்ளிவாசலில் செருப்பு தொலைவதும், வீட்டில் பெற்றோரின் கண்டிப்பும் அதில் இருப்பதாக என் தங்கை மகள் சொல்கிறாள். அதில் உள்ள எல்லாவற்றையும் நான் ஏற்பதற்கில்லை. நம் வீட்டுச் சோற்றில் கல்லிருந்தால் பொறுக்கித்தான் உண்கிறோம். சுல்தானாவின் கனவையும் ஸ்பெயின் நாட்டு இயக்குநர் இசபெல் ஹெர்கேரா 2023இல் அசைவோவியப் படமாக்கிவிட்டார். எங்கோ ஸ்பெயினில் இருப்பவர்கள் சென்னையில் அச்சான ஒரு முஸ்லிம் பெண்ணின் கனவுக்குப் படமெடுக்கிறார்கள். சிறுமலை அடிவாரத்தில் அதே கனவைத் தானாகக் கண்ட பிள்ளையின் நோட்டை ஓர் ஆசிரியர் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். அவளுடைய அத்தாவிடமும் அம்மாவிடமும், நான் சொன்ன சட்டம் தவறான இடத்தில் சொல்லப்பட்டது என்று ஒப்புக்கொண்டேன். அத்தா சற்றுத் தயங்கினார். பாடம் கெட்டுப்போகாதா ஹஜ்ரத் என்றார். நியாயமான கவலைதான். தொழுகையும் பாடமும் தவறாத வரை எழுதட்டும், எழுதியதை முதலில் நானே படிக்கிறேன் என்றேன். அவள் உள்ளறையின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டோடு, தங்கை மகள் தமிழில் எழுதித் தந்த சுல்தானாவின் கனவையும் அவளிடம் கொடுத்தேன்.

மறு வாரம் மக்தப் முடிந்ததும் அவள் மட்டும் பின்தங்கி நின்றாள். படித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"படிச்சேன், ஹஜ்ரத். ஆனா அவங்க பலூன்ல குழாயக் கட்டியிருக்காங்க. ஆடிக் காத்துல அது நிக்காது. நம்ம கதையில மலை இருக்குல்ல, அது அசையாது" என்றாள்.